நோயாளியைப் பேணும் அறத்துக்கு அளவுகோல் உண்டா?



திருநறுங்கொண்டைக் குன்றின்மேல் எழுந்தருளியுள்ள அப்பாண்டைநாதரைத் தரிசிக்காத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. பார்சுவநாதப் பெருமானின் அத்திருத்தலம் முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றபோது, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தோடு அதுவும் புதிய மாவட்டத்துள் அடங்கியது. அம்மாவட்டத்தின் மேற்குக் கோடியில் கல்வராயன் மலை நிற்கிறது. குன்றுக்குச் செல்லும் நம்மில் பலர் அந்த மலைக்குச் சென்றதில்லை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் கரியாலூரும் வெள்ளிமலையும் உள்ளன. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கி வாழும் நிலம் அது. ஜாகிர்தார்களின் ஆளுகை 1976 வரை அங்கு நீடித்தது. 2024 சூனில் கள்ளக்குறிச்சி நகரில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னர், அம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்து ஆராயத் தொடங்கியது.

இம்மாவட்டத்தில் இரண்டு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருப்பதாக மனத்தில் கொள்வோம். ஒன்று சமவெளியில், பேருந்துச் சாலையின் ஓரத்தில் உள்ளது. மற்றொன்று மலைமேல் உள்ளது. சமவெளி மருத்துவர் ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கிறார். பதிவேடு ஒழுங்காக நிரம்புகிறது. மலை மருத்துவரிடம் அன்று வந்தவர் இருபது பேரே. பிற்பகலில் அவர் செவிலியருடன் ஓடைகளைக் கடந்து நடந்து, காலில் ஆறாப் புண்ணோடு குடிசையில் கிடக்கும் ஒரு மூதாட்டியைக் காண்கிறார். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். மருத்துவமனைக்கு ஏன் வர மறுக்கிறார் என்பதை அம்மூதாட்டியின் வாயாலேயே கேட்டறிகிறார். பொழுது சாய்ந்தபின் திரும்புகிறார். அன்றைய பதிவேட்டில் இதனால் அவருக்குக் கூடுவது ஒரே ஓர் எண். ஆண்டின் இறுதியில், தரமான மருத்துவத்துக்குப் பரிசு வழங்க ஒரு குழு வருகிறது. பரிசு யாருக்குச் செல்லும்?

இது கற்பனைக் காட்சி. ஆயினும் இதனுள் அடங்கிய வினா உண்மையானது. நோயாளியைப் பேணும் பணியின் தரத்தை அளக்க இயலுமா? அளந்தால் அதற்குப் பரிசு தரலாமா? பரிசு தந்தால் அப்பணிக்கு நேர்வது என்ன? அரசுகளும் மருத்துவ அறிஞர்களும் ஆராய்ந்துவரும் இவ்வினாக்களுக்கு நம் ஆசாரியர்கள் வகுத்த தத்துவத்தில் விடை காண இயலுமா என்று இங்கே சிந்திப்போம்.

அளத்தலும் அறமே

தொண்டு என்பது உள்ளத்தின் செயல், அதனை எண்ணால் அளப்பது இழுக்கு என்று நம்மவர் சிலர் கூறுவர். கேட்பதற்கு இனிய இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சிராவகனுக்கும் சிராவகிக்கும் நம் முன்னோர் பிரதிக்கிரமணத்தை ஏன் வகுத்தனர்? இன்று எந்த உயிருக்கு என்ன தீங்கு செய்தோம், எந்த விரதத்தில் எவ்வளவு வழுவினோம் என்று எண்ணிப் பாராதவன் தன்னைக் குற்றமற்றவனாகவே கருதிக்கொள்வான். தன் பிழையை எண்ணாதவனுக்குத் திருத்தம் இல்லை. மருத்துவத்துக்கும் இது பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே இந்நோய்கள் கட்டுக்குள் இருக்கும் என்று நாம் நினைத்திருந்தோம். 2020-ஆம் ஆண்டில் மாநில அளவில் எடுக்கப்பட்ட ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. மிகை இரத்த அழுத்தம் உடையோருள் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உடையோருள் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு நாம் செய்து வந்தது பயன்படவில்லை என்பதை எண்தான் நமக்கு உணர்த்தியது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், மருந்தை அவர் இல்லத்துக்கே கொண்டு செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகத்து 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலரின் காலடிகளுக்குப் பின்னே அந்தக் கணக்கின் தேவையும் நிற்கிறது.

அளவுகோல் இடத்துக்கேற்ப வளையவும் வேண்டும். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றும், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் இருபதாயிரம் பேருக்கு ஒன்று என்றும் நாட்டின் நெறிமுறை வகுத்துள்ளது. துணை சுகாதார நிலையத்துக்கு இவ்வெண்கள் முறையே ஐயாயிரம், மூவாயிரம். மலையில் ஒரு கல் தொலைவும் சமவெளியில் ஒரு கல் தொலைவும் ஒன்றாகா என்பதை அரசின் ஏடே ஒப்புக்கொள்கிறது.

எதனை அளப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. அவேடிஸ் டொனபீடியன் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் 1966-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செய்முறை, பயன் என மூன்றாகப் பகுத்தார். கட்டடமும் கருவியும் ஆளும் அமைப்பு. சோதித்தல், மருந்தளித்தல், அறிவுரை கூறல் ஆகியவை செய்முறை. நோயாளிக்கு நேர்ந்த நலம் பயன். மூன்றில் முதலாவதை அளப்பது எளிது. மூன்றாவதை அளப்பது கடினம். எளிதானதை அளந்துவிட்டுக் கடினமானதையும் அளந்துவிட்டதாக எண்ணுவதுதான் இத்துறையில் நேரும் முதற்பிழை.

மைய அரசு 2015-இல் தொடங்கிய 'காயகல்ப்' என்னும் பரிசுத் திட்டத்தை நோக்குவோம். மருத்துவமனையின் தூய்மை, கழிவு அகற்றல், தொற்றுத் தடுப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, எழுபது விழுக்காட்டுக்கு மேல் பெற்றவற்றுள் சிறந்ததற்குப் பரிசளிப்பது அதன் முறை. பரிசுத் தொகையில் முக்கால் பங்கு அந்த நிலையத்தின் மேம்பாட்டுக்கும், கால் பங்கு ஊழியர்களுக்கும் உரியது. தூய்மையான பிரசவ அறை ஓர் உயிரைக் காக்கும். ஆதலின் இதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் தரை பளபளக்கும் நிலையத்திலும் நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பாராத மருத்துவர் இருக்கக்கூடும். மதிப்பெண் தாளில் அதற்கு எந்தக் கட்டத்தில் இடம் உண்டு?

பரிசு நுழைந்தபோது

பொது மருத்துவர்களின் பணியை அளந்து, அந்த அளவுக்கேற்பப் பெரும்பொருள் அளித்துப் பார்த்த நாடு இங்கிலாந்து. 2004 ஏப்ரலில் அங்கு ஒரு புதிய முறை நடைமுறைக்கு வந்தது. 146 குறியீடுகள், 1,050 புள்ளிகள். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை அளவு பார்த்தால் இத்தனை புள்ளி, இதய நோயாளியின் இரத்த அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழ் இருந்தால் இத்தனை புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு பணம் என்பது திட்டம். மருத்துவகத்தின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வழியே வரலாயிற்று. முதலாண்டிலேயே மருத்துவகங்கள் சராசரியாகத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பெற்றன. அரசு எதிர்பார்த்து ஒதுக்கியதை விட மிகுதியாகப் பொருள் செலவாயிற்று.

நடுநிலையோடு கூறுவதாயின் நன்மையும் விளைந்தது. நீரிழிவு, ஆஸ்துமா நோயாளிகளைக் கவனிக்கும் முறை சில காலம் விரைந்து முன்னேறியது. ஏழைகள் வாழும் பகுதி மருத்துவகங்களுக்கும் செல்வர் வாழும் பகுதி மருத்துவகங்களுக்கும் இடையே இருந்த புள்ளி வேறுபாடு மூன்றே ஆண்டுகளில் பெரிதும் குறைந்தது. இது சிறிய பேறன்று.

ஆயினும் 2009-இல் வெளியான ஆய்வொன்று வேறு இரு செய்திகளையும் தெரிவித்தது. புள்ளி இல்லாத கவனிப்புகள் ஆஸ்துமாவிலும் இதய நோயிலும் தளர்ந்தன. மேலும், ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து செல்லும் வழக்கம் குறைந்தது. தம்மையும் தம் குடும்பத்தையும் அறிந்த மருத்துவரை நோயாளிகள் முன்போல் காண இயலவில்லை. புள்ளி பெற்றது வளர்ந்தது; புள்ளி பெறாதது வாடியது. 2014-இல் பல குறியீடுகளுக்குப் பணம் நிறுத்தப்பட்டபோது, அந்தக் கவனிப்பின் பதிவுகளும் உடனே சரிந்தன. ஸ்காட்லாந்து 2016-இல் இம்முறையையே கைவிட்டது.

நம் நாட்டில் இதனினும் கொடிய பாடம் ஒன்று உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு மேலிருந்து இலக்கு விதிக்கும் முறையைக் கைவிடுவதாக மைய அரசு 1996 ஏப்ரலில் அறிவித்தது. எண்ணிக்கை வேட்கை மட்டும் பல மாநிலங்களில் அகலவில்லை. 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த முகாமில் ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அவர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்த சில நாட்களில் இறந்தனர். கொன்றது கிருமியா, கொடுத்த மருந்தில் கலந்த நஞ்சா என்ற விவாதம் எழுந்தது. அந்த மருத்துவர் அறுவைகளின் எண்ணிக்கைக்காக அதே ஆண்டில் அரசின் பாராட்டைப் பெற்றவர் என்பதையும் நாளேடுகள் எழுதின. இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஆணையிட்டது. பாராட்டு விழாவில் மாலையிட்ட கைகள் தீய எண்ணம் கொண்டவை என்று நாம் கருதவில்லை. அவை எண்ணைப் பார்த்தன. எண்ணுக்குப் பின்னே படுத்திருந்த பெண்ணைப் பார்க்கவில்லை.

மூன்று முட்கள்

சல்லியம் இல்லாதவனே விரதி என்பது உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்த இலக்கணம். சல்லியம் என்றால் உள்ளே தைத்த முள். மாயை, மித்தியாத்துவம், நிதானம் என அது மூவகைப்படும். காலில் முள் தைத்தவன் நடப்பான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் அது உறுத்தும். விரதம் நடக்கும், உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பரிசுக்காகச் செய்யும் மருத்துவத்தில் இம்முட்கள் மூன்றும் தைப்பதைக் காணலாம்.

நிதானம் என்பது செய்யும் நற்செயலுக்கு ஈடாக ஒரு பயனை விரும்பி நிற்றல். தவத்தைத் தேவபதவிக்கு விற்பவனை நம் நூல்கள் இகழ்கின்றன. புள்ளிக்காக நோயாளியின் கையைப் பற்றும் மருத்துவர் தம் செயலை விலைக்கு விற்றவராகிறார். பயன் நின்ற அன்றே கை விலகும். இங்கிலாந்தில் பணம் நின்றபோது பதிவு சரிந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

மாயை என்பது வஞ்சனை. எல்லைக்கு மேல் இரண்டு எண் காட்டும் இரத்த அழுத்தத்தை எல்லைக்குள் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? செல்லாத வீட்டைச் சென்றதாகக் குறித்தால் கேட்பவர் யார்? பெரும்பாலான ஊழியர் அவ்வாறு செய்வதில்லை. ஆனால் பரிசும் தண்டனையும் ஓர் எண்ணைப் பற்றி நிற்கும்போது நேர்மையானவரின் கையிலும் எழுதுகோல் ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில் முள் தைத்துவிடுகிறது.

மூன்றாவதான மித்தியாத்துவம் பொய்யை மெய்யெனக் கொள்ளும் மயக்கம். முன்னைய இரண்டினும் இது ஆழமானது. ஏனெனில் இதில் வஞ்சனையும் இல்லை, ஆசையும் இல்லை. மதிப்பெண்ணே மருத்துவம் என்று மருத்துவரும் அதிகாரியும் நோயாளியும் உண்மையாகவே நம்பத் தொடங்குகின்றனர். பட்டியலில் இல்லாத துன்பம் துன்பமாகவே தோன்றாமற் போகிறது. மலைக்குடிசையில் கிடந்த மூதாட்டி எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே அவர் இல்லாதவராகிறார்.

பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், உயிருக்கு நேரும் கேடே இம்சை என்பது நம் நூற்கொள்கை. கொல்லும் எண்ணம் இல்லாதபோதும் கவனமின்மை இம்சைக்கு வாயிலாகிறது. ஆகவே மருத்துவத்தின் தரம் பற்றிய ஆராய்ச்சி நமக்கு அயலான செய்தியன்று. அஹிம்சையின் ஒரு பகுதியே ஆகும்.

எண்ணக் கூடிய தவமும் எண்ண இயலாத தவமும்

தவத்தைப் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு எனப் பன்னிரண்டாக நம் ஆசாரியர் பகுத்தனர். உண்ணாநோன்பு, குறைத்து உண்ணல், சுவை துறத்தல் முதலியன புறத்தவம். இவற்றை எண்ணலாம். எட்டு நாள் நோன்பு இருந்தார், பத்து நாள் நோன்பு இருந்தார் என்று நாம் கூறுகிறோம், கொண்டாடுகிறோம். கழுவாய், பணிவு, வையாவிருத்தியம், சுவாத்தியாயம், பற்று விடுதல், தியானம் ஆகியவை அகத்தவம். இவற்றுள் மூன்றாவதாகிய வையாவிருத்தியம் என்பது யாது? நோயுற்ற, தளர்ந்த, முதிர்ந்த தவத்தோருக்குப் பணிவிடை செய்தலே அது.

ஈங்கு ஒரு வியப்பைக் காண்க. கை கால்களால் செய்யும் வேலை அது. நீர் கொணர்தல், உடம்பைத் தூய்மை செய்தல், தாங்கி நடத்தல் ஆகிய அனைத்தும் கண்ணுக்குத் தெரிபவை. ஆயினும் ஆசாரியர் அதனைப் புறத்தவத்தில் சேர்க்கவில்லை. தியானத்தோடு ஒரே வரிசையில் வைத்தனர். காரணம் வெளிப்படை. செய்த வேலையை அருகிலிருப்பவர் எண்ணலாம். வேலையைத் தவமாக்கும் உள்ளத்தின் நிலையை எண்ண இயலாது.

உத்தாயன மன்னனின் வரலாற்றை நம் சிறுவரும் அறிவர். அருவருப்பின்மையாகிய நிர்விசிகித்ஸைக்கு எடுத்துக்காட்டானவர் அவர். அவரைச் சோதிக்க வந்த தேவன் தொழுநோயுற்ற முனிவராக உருக்கொண்டு, அளித்த உணவை முழுதும் உண்டு, துர்நாற்றத்தோடு வாந்தி எடுத்தான். ஏவலர் ஓடினர். மன்னரும் அரசியும் ஓடவில்லை. மன்னர் தம் கையால் முனிவரைக் கழுவினார். இவ்வளவையும் நாம் நினைவில் வைத்துள்ளோம். ஒன்றை மறந்துவிடுகிறோம். வாந்தி கண்டபோது மன்னரின் நெஞ்சில் முதலில் எழுந்த எண்ணம், ஒவ்வாத உணவைக் கொடுத்துவிட்டேனே என்று தம்மையே நொந்துகொண்டதாகும்.

டொனபீடியன் 'பயன்' என்று கூறியதை உத்தாயன மன்னர் நோக்கினார். பயன் தீதாகக் கண்டதும் குற்றத்தை நோயாளிமேல் ஏற்றாமல் தம் செய்முறையில் தேடினார். மருத்துவத்தின் தரத்தை அளக்கும் உயர்ந்த முறை இதுவே என்பது நம் கருத்து. பிறர் தமக்கு மதிப்பெண் இடுவதற்காக அவர் அளக்கவில்லை. அடுத்த வேளை அம்முனிவருக்குத் தீங்கு நேராதிருக்க அளந்தார்.

இரு நயங்கள்

அப்படியாயின் புறத்தேயிருந்து அளப்பதை அறவே விட்டுவிடலாமா? பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர் இதற்கு வழி காட்டுகிறார். நிச்சய நயம், வியவகார நயம் என இரு நோக்குகளைச் சமயசாரம் விளக்குகிறது. நிச்சய நயம் பொருளின் மெய்த்தன்மையைக் காண்பது. வியவகார நயம் உலக வழக்கில் நின்று காண்பது. வியவகாரம் முழு உண்மையன்று; ஆயினும் அதன் துணையின்றி நிச்சயத்தை உணர்த்த இயலாது என்று ஆசாரியர் தெளிவுறுத்துகிறார்.

மருத்துவத்தில் எண்கள் வியவகார நயம். இரத்த அழுத்த அளவு, தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விழுக்காடு, மருத்துவமனையில் நிகழ்ந்த பிரசவங்கள் ஆகியவை ஒவ்வொரு கோணத்திலிருந்து தெரியும் உண்மைகள். ஒரு நயத்தைப் பற்றிக்கொண்டு ஏனைய நயங்களை மறுப்பதே துர்நயம். எண்ணைத் தூக்கி எறிபவரும் துர்நயத்தில் வீழ்கிறார். எண்ணே எல்லாம் என்பவரும் துர்நயத்தில் வீழ்கிறார். அநேகாந்தம் பேசும் நாம் இருவரோடும் சேரலாகாது.

திருவள்ளுவ தேவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் வகுத்தார். இன்றைய மதிப்பெண் தாள்கள் தீர்ப்பவனையும் மருந்தையும் மிகுதியாக எண்ணுகின்றன. நோயுற்றவரிடம் 'உமக்கு ஆறுதலாக இருந்ததா? சொன்னது விளங்கியதா? மீண்டும் வருவீரா?' என்று கேட்பது குறைவு. பேணுபவரை, மலையில் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்ணாகவே இருப்பார், யாரும் கேட்பதில்லை. நான்கில் இரண்டை அளந்து முழுமை என்று கொள்வது எவ்வாறு தகும்?

மருத்துவரும் இல்லறத்தாரே

இங்கே ஒரு மறுப்பு எழும். மருத்துவரை முனிவராக இருக்கச் சொல்வது எளிது. அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. மலையில் நல்ல பள்ளி இல்லை, இரவில் பேச்சுத்துணை இல்லை. ஒன்றும் கொடாமல் தவம் செய் என்பது நியாயமா? இம்மறுப்பு வலிமையுடையது. மகாவிரதம் முனிவருக்கு, இல்லறத்தாருக்கு அணுவிரதம். உழைப்புக்கு ஊதியம் பெறுதல் நிதான சல்லியம் ஆகாது.

ஆயினும் ஊதியம் வேறு, பரிசு வேறு. மலைமேல் வாழும் சுமைக்கு ஈடாக மிகுதியாகக் கொடுப்பது ஊதியம். அதனைத் தாராளமாகக் கொடுக்கட்டும். குடியிருக்க நல்ல வீடு, ஏறிச் செல்ல ஊர்தி, பணியில் துணையாளர் ஆகியவற்றை அளிக்கட்டும். ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வோர் எண்ணுக்கும் விலை குறிப்பதே முள்ளை விதைப்பது. ஊதியத்திலும் எச்சரிக்கை வேண்டும். தொலைவிலும் மலையிலும் பணியாற்றிய அரசு மருத்துவருக்கு முதுநிலைப் படிப்பின் சேர்க்கையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு, உச்சமாக முப்பது விழுக்காடு, கூடுதல் மதிப்பெண் தரும் விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதனால் பல மலைகளுக்கு மருத்துவர் கிடைத்தனர். ஆனால் மலையில் இருந்ததற்கான பரிசே மலையை விட்டு இறங்கும் படியாக அமைந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூதாட்டி தம்மை அறிந்த மருத்துவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை இழக்கிறார்.

மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில் அது குறைவாகவே கிடைக்கிறது என்னும் தலைகீழ் விதியை, வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊரில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் பொது மருத்துவர் 1971-இல் எழுதினார். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் கிடைத்தது பெருநன்மை. ஆனால் அது சமவெளியில் உள்ளது. ஆகவே மலை நிலையத்தை அளக்க வருபவர் முதலில் கேட்க வேண்டிய வினா, எத்தனை பேர் வந்தனர் என்பதாக இருக்கலாகாது. வர வேண்டியவருள் எத்தனை பேர் வரவில்லை, அவர்கள் யார், ஏன் வரவில்லை என்பதாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தண்டனைக்கு அஞ்சாமல் எழுதக்கூடிய நிலையில் ஊழியர் இருக்க வேண்டும். பிரதிக்கிரமணம் செய்பவன் தன் பிழையைக் கூறியதற்காக யாரும் அவனை ஒறுப்பதில்லை அன்றோ?

நம்மை நாமே அளப்போம்

அரசுக்கும் மருத்துவருக்கும் இவ்வளவு கூறிய நாம் நம்மை நோக்கியும் ஒன்று கேட்க வேண்டும். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தை நம் சமூகம் விருப்போடு செய்து வருகிறது. சங்கங்களும் குடும்பங்களும் இலவச மருத்துவ முகாம்களை நடத்துகின்றன. பின்னர் நம் இதழ்களில் படத்தோடு செய்தி வருகிறது: இத்தனை நூறு பேர் பயனடைந்தனர்.

'பயனடைந்தனர்' என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாக எழுதிவிடுகிறோம்! அவர்கள் வந்தனர் என்பது உண்மை. இரத்த அழுத்தம் பார்த்தோம் என்பதும் உண்மை. ஏழு நாள் மாத்திரை கொடுத்தோம். எட்டாம் நாள் அவர் என்ன செய்தார்? இரத்த அழுத்தத்துக்கு வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும் என்பதை அவருக்கு விளங்கும்படி கூறினோமா? அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் அவர் பெயரைச் சேர்த்தோமா? அல்லது ஏழு நாள் மாத்திரையால் நோய் தீர்ந்தது என்று அவர் நம்பி வீட்டில் இருந்துவிட்டாரா? அவ்வாறாயின் நாம் கொடுத்தது ஔஷத தானமா, பிரமாதமா? இதனை எழுதும்போது நம் நெஞ்சு சுடுகிறது. இத்தகைய செய்திகளை மகிழ்ந்து படித்தவர்களும் கைதட்டியவர்களும் நாமே.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இனி நடத்தும் முகாம்களின் செய்தியில் வந்தோர் எண்ணிக்கையோடு மேலும் மூன்று எண்களை எழுதுவோம். அவர்களுள் மூன்று திங்கள் கழித்து நாம் மீண்டும் கண்டவர் எத்தனை பேர்? பெயர் கூறி ஒரு நிலையான மருத்துவரிடமோ சுகாதார நிலையத்திடமோ நாம் ஒப்படைத்தவர் எத்தனை பேர்? நம்மால் உதவ இயலாமல் திரும்பிச் சென்றவர் எத்தனை பேர்? முதலாண்டில் இவ்வெண்கள் நமக்கு வெட்கம் தரும். வெட்கம் தரட்டும். வெட்கம் தரும் எண்ணை அச்சிடத் துணியும் சமூகத்தில் மாயா சல்லியம் தங்காது. இவ்வெண்களுக்காக எவருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டுவதில்லை. இவை நமக்கு நாமே செய்துகொள்ளும் பிரதிக்கிரமணம்.

திருநறுங்கொண்டைக்கு அடுத்த முறை செல்லும்போது குன்றின்மேல் நம் முனிவர் துயின்ற கற்படுக்கைகளைக் காண்போம். அவற்றில் நோயுற்றுக் கிடந்த ஒரு முனிவருக்கு இரவெல்லாம் விழித்திருந்து நீர் கொடுத்தவர் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர் அதனை எதிர்பார்த்திருக்கவும் மாட்டார். ஆனால் விடியற்காலையில் முனிவரின் நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இறங்கியதா என்று அவர் பார்த்திருப்பார். அந்தத் தொடுதல் ஓர் அளவீடு. அவ்வாறு அளக்கும் கைகள் கல்வராயன் மலையிலும் நம் முகாம்களிலும் பெருகுக.

அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக!